மெதுவாகிவிட்ட சம்பா கலைஞர் ஒதுங்கிவிட்டாரா?

நீங்கள் கேட்டிருப்பது பிரேசிலின் சம்பா பாடகரும் பாடலாசிரியருமான பவுலின்யோ டா வியோலாவைப் பற்றி. 1996க்குப் பிறகு புதுப் பாட்டுகளோடு ஒரு ஸ்டுடியோ ஆல்பம்கூட அவர் வெளியிடவில்லை. வீடு, பிள்ளைகள், மரவேலை என்று இருக்கிறார் என்று படித்திருக்கிறீர்கள். இது ஓய்வா, சலிப்பா, சம்பாவை விட்டே விலகுவதா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. சம்பா என்றால் விடிய விடிய ஆட்டம், நூற்றுக்கணக்கான மேளம், கார்னிவல். அப்படிப்பட்ட இசையில் ஒருவர் வேகத்தைக் குறைத்தால் அப்புறம் அவருக்கு அங்கே என்ன இடம்? இதைத்தான் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் தாளவாத்தியம் சொல்லிக்கொடுக்கிறவன். கஞ்சிராவில் ஆரம்பித்து, அதைப் போன்ற பிரேசில் வாத்தியமான பாண்டெய்ரோவுக்கு வந்து, ரியோவில் கொஞ்ச காலம் தங்கிக் கற்றுக்கொண்டு, பல வருடங்களாக இந்த இசையோடே இருக்கிறேன். பாட்டு, தாளம், சம்பா பள்ளிகள் என்று சொல்லப்படும் கார்னிவல் அணிவகுப்புக் குழுக்களின் வரலாறு ஆகியவற்றில் உறுதியாகப் பேச முடியும். ஒரு மனிதர் ஏன் வீட்டில் இருக்க விரும்புகிறார் என்பதில் அவர் வெளியே சொன்னதும் செய்ததும்தான் நமக்குக் கிடைக்கிற சாட்சி. அதற்கு மேல் போகிற இடத்தில் அது என் ஊகம் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானவை. அவர் 1942 நவம்பரில் ரியோவின் போட்டாஃபோகோ பகுதியில் பிறந்தவர். இயற்பெயர் பவுலோ செசார் பாட்டிஸ்டா டி ஃபாரியா. அப்பா செசார் ஃபாரியா பெரிய கிட்டார் கலைஞர். ஷோரோ என்ற பிரேசில் வாத்திய இசையின் உச்சம் என்று சொல்லப்படும் எப்போகா டி ஓரோ குழுவில், மாண்டலின் வித்வான் ஜாக்கோப் டோ பாண்டோலிம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். பாடல்கள் 1960களின் கடைசியில் ஆல்பங்களாக வர ஆரம்பித்தன. 1970களில் ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று. 1971, 1976 இரண்டிலும் ஒரே வருடத்தில் இரண்டு. பிறகு 1981, 1982, 1983, அதற்கடுத்து 1989, அதற்கடுத்து 1996. அதன்பின் வந்தவை பெரும்பாலும் மேடைப் பதிவுகள். 2020இல் ஒன்று வந்தது. இந்த வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஒன்று தெரியும்: 1996இல் அவர் திடீரென்று நிறுத்தவில்லை. நாற்பது வயதிலேயே இடைவெளி விழ ஆரம்பித்துவிட்டது. வயதானதால் மெதுவானார் என்ற விளக்கம் இங்கேயே நொண்டுகிறது.

இன்னும் பின்னால் போய்ப் பாருங்கள். 1969இல் டிவி ரெகார்ட் இசை விழாவில் அவருக்கு முதல் பரிசு வாங்கித் தந்த பாட்டு சம்பாவே இல்லை என்று அன்று பலர் சொன்னார்கள். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேர் போக்குவரத்து சிக்னலில் எதிர்ப்படுகிறார்கள். எப்படி இருக்கிறாய், நான் நன்றாக இருக்கிறேன், ஓடிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் பார்க்கலாம். சிவப்பு விளக்கு பச்சையாகும்வரைதான் பேச்சு. இந்தப் பாட்டை எழுதியபோது அவருக்கு இருபத்தாறு வயது. ஓடிக்கொண்டே இருப்பதில் மனிதன் எதைத் தொலைக்கிறான் என்பது அந்த வயதிலேயே அவரை அரித்திருக்கிறது. எண்பதைத் தாண்டியவர் இன்று வீட்டில் நிதானமாக இருக்கிறார் என்றால், அந்த இளைஞன் சொன்னபடி நடந்துகொள்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

வீட்டில் என்ன செய்கிறார் என்பதும் ரகசியம் அல்ல. 2003இல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்திலேயே எல்லாவற்றையும் பார்க்கலாம். சொந்தமாக ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். பழைய கார்களைப் பிரித்து மாட்டுவதில் பிரியம். பில்லியர்ட்ஸ் ஆடுவார். இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவருடைய பாட்டைக் கூர்ந்து கேட்டால் அந்தப் பட்டறைக் கை அங்கேயும் இருக்கிறது. கவாக்கின்யோவில் அவர் போடும் ஒரு சின்ன முன்னிசையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு தந்தி மட்டும் உள்ள குட்டி வாத்தியம் அது. பெரும்பாலோர் அதை விடாமல் தட்டி இடத்தை நிரப்புவார்கள். இவர் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு, அது விட்டுப்போனது காதில் பட்ட பிறகு அடுத்ததற்குப் போவார். பாண்டெய்ரோ வாசிக்கிறவனுக்கு அந்த இடைவெளியில் எதையும் திணிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். என் மாணவர்கள் எல்லோரும் முதலில் அங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

சரி, குடும்பம். நம் மனதில் ஒரு பக்கம் மேடை, இன்னொரு பக்கம் வீடு. ஒன்றைக் குறைத்தால்தான் மற்றது. சம்பாவில் இந்தக் கோடே கிடையாது. சம்பா என்று பதிவாகிப் புகழ்பெற்ற முதல் பாட்டை டோங்கா என்ற இசைக்கலைஞர் 1916 நவம்பரில் தேசிய நூலகத்தில் தன் பெயரில் பதிந்தார். அது உருவானது டியா சியாட்டா என்ற பாஹியாப் பெண்மணியின் வீட்டில், பலர் கூடிப் பாடிய இரவுகளில். அது யாருடைய பாட்டு என்ற சண்டை அன்றே கிளம்பியது, இன்றும் தீரவில்லை. பிறந்த இடம் ஒரு வீடு என்பதில் மட்டும் சண்டையில்லை. சமையல், சாமி கும்பிடுதல், உறவுக்காரர்கள், குழந்தைகள், நடுவில் பாட்டு. மேடையும் மைக்கும் பிறகு வந்தவை.

பவுலின்யோ வளர்ந்ததும் அப்படித்தான். அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வருகிறவர்களில் ஜாக்கோபும், ஷோரோவின் இன்னொரு மேதை பிக்சின்கின்யாவும் இருந்தார்கள். பையன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கேட்டான். அந்தப் பெரியவர்களில் பலருக்கு இசை பிழைப்பு அல்ல. ஜாக்கோப் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். பிரேசிலின் தலைசிறந்த மாண்டலின் வித்வான் பகலில் கோப்பு பார்த்தார், இரவில் வாசித்தார். ஆகவே வேலை வெளியே, இசை வீட்டில் என்பதுதான் இந்தச் சிறுவன் முதலில் பார்த்த ஒழுங்கு. பவுலின்யோவும் வங்கியில்தான் முதலில் வேலை பார்த்தார். அங்கே வாடிக்கையாளராக வந்த கவிஞர் எர்மீனியோ பெல்லோ டி கார்வால்யோதான் அவரை அடையாளம் கண்டு, மூத்த சம்பா பாடலாசிரியர் கார்ட்டோலாவும் அவர் மனைவி ஸிக்காவும் கரியோக்கா தெருவில் நடத்திய ஸிக்கார்ட்டோலா என்ற சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். ஸிக்கா சமைப்பார், கார்ட்டோலா வந்தவர்களை உபசரித்துப் பாடுவார். பாட்டுக்காகத் தனக்குக் கிடைத்த முதல் காசு கார்ட்டோலா கையிலிருந்துதான் என்று பவுலின்யோ சொல்லியிருக்கிறார்.

பிறகு புகழ் வந்தது. அப்பா அவருடைய குழுவிலேயே கிட்டார் வாசித்தார். செசார் ஃபாரியா 2007இல் இறந்தார். இப்போது அந்த நாற்காலியில் பவுலின்யோவின் மகன் ஜோவாவ் ராபெல்லோ. மகள் பெயாட்ரிஸ் பாடுகிறார். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே கிட்டார் வரிசையில். குடும்பத்தோடு நேரம் செலவிடுகிறார் என்று ஒரு செய்தியில் படிக்கும்போது நாம் ஏதோ பூங்காவில் நடக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தக் குடும்பத்தில் நேரம் செலவிடுவது என்றால் பாதிக்கு மேல் வாசிப்பதாகத்தான் இருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் அப்பாவும் மகனும் மேடையில் கண்ணைக்கூடப் பார்க்காமல் சேர்ந்து நிற்கிற இடங்களைக் கேட்டால் வேறு முடிவுக்கு வர முடியாது. அந்த இணக்கம் ஒத்திகை அறையில் வருவதில்லை.

இங்கே இன்னொரு சங்கதியைச் சொல்ல வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அவருடைய நிதானத்தில் ஒரு எதிர்ப்பும் இருந்தது. அவருடைய சம்பா பள்ளி போர்ட்டேலா. நீலமும் வெள்ளையும், மதுரேய்ரா பகுதி. 1970களில் பள்ளிகள் பெருத்தன. சுற்றுலாப் பயணிகளுக்காக அணிவகுப்பு பிரம்மாண்டமானது, ஆள் எண்ணிக்கை ஏறியது, தெருவில் வளர்ந்த பாட்டுக்காரர்களுக்குப் பேச்சுரிமை குறைந்தது. 1975இல் போர்ட்டேலாவின் பாடலாசிரியர் கண்டேயாவும் பவுலின்யோவும் வேறு சிலரும் சேர்ந்து, பள்ளி எங்கே போகிறது என்று கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு நீண்ட மனு கொடுத்தார்கள். பலனில்லை. அதே வருடக் கடைசியில் கண்டேயா கிலோம்போ என்ற மாற்றுப் பள்ளியைத் தொடங்கினார். பவுலின்யோ அவர் பக்கம் நின்றார். பழைய பாணியைக் காப்பாற்றும் வேலையை இதற்கு முன்பே அவர் ஆரம்பித்திருந்தார். 1970இல் போர்ட்டேலாவின் மூத்தவர்களைச் சேர்த்து, வெல்யா குவார்டா என்ற முதியோர் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தது அவர்தான். அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அந்தக் குழுவைப் பற்றித் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். ஒவ்வொரு பெரிய சம்பா பள்ளியிலும் மூத்தவர்களுக்கென்று தனி அணி உண்டு. இளைஞர்கள் இறகும் ஜிகினாவுமாக ஆட, இவர்கள் கோட்டு சூட்டு, தொப்பியோடு நடந்து வருவார்கள். கூட்டம் எழுந்து நிற்கும். ஓய்வுபெற்றவர்களை உட்கார வைத்த ஓரம் அது என்று நினைக்க வேண்டாம். பள்ளியின் பாட்டுகள் யாருக்கு நினைவில் இருக்கின்றனவோ அவர்களே பள்ளியின் ஆதாரம். போர்ட்டேலாவின் மொனார்க்கோ 2021 டிசம்பரில், எண்பத்தெட்டு வயதில் இறக்கும்வரை அந்த அணியில் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

வாத்தியத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது, இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கார்னிவல் மேளக்குழுவில் சுர்டோ என்ற பெரிய அடிமேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்துகொண்டே அடிப்பது வயதானவர்களால் முடியாது. அணிவகுப்புப் பாட்டுகளின் வேகமும் 1960களுக்கு இப்போது வெகுவாகக் கூடிவிட்டது. அதிக ஆட்களைக் குறித்த நேரத்துக்குள் கடத்த வேண்டியிருப்பதுதான் காரணம் என்று சிலரும், தொலைக்காட்சிதான் காரணம் என்று சிலரும் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தது என்பது என் எண்ணம். ஆனால் அணிவகுப்பு சம்பாவின் ஒரு முகம்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடும் ஹோடா இருக்கிறது. அதில் சுர்டோவை விட்டவர் பாண்டெய்ரோவுக்கு வரலாம். மணிக்கட்டு வலித்தால் தம்போரிம் என்ற குட்டி மேளம். அதுவும் முடியவில்லையா, தட்டும் கத்தியும். பீங்கான் தட்டின் விளிம்பில் சாப்பாட்டுக் கத்தியைத் தேய்ப்பார்கள். ஜோவாவ் டா பாயானா அதில் பேர் போனவர். அதற்கும் கீழே தீப்பெட்டி இருக்கிறது. ஆம், சாதாரணத் தீப்பெட்டி. எல்டன் மெதேய்ரோஸ், பவுலின்யோவோடு சேர்ந்து பல பாட்டு எழுதியவர், அதை வாசித்தே புகழ்பெற்றார். பெட்டியில் குச்சி நிறைய இருந்தால் சத்தம் அடைத்துக்கொள்ளும், கொஞ்சமாக இருந்தால் சலசலக்கும். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வைத்து, ஒரு கையில் தளர்வாகப் பிடித்து, மற்றக் கைவிரல் நுனியால் சுண்ட வேண்டும். பத்து பேர் வாசிக்கும்போதும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கும். இதற்கு உடம்பில் பலம் வேண்டாம். எந்த இடத்தில் சுண்டுவது என்ற தெளிவு வேண்டும். அந்தத் தெளிவு இருபது வயதில் பெரும்பாலும் வருவதில்லை.

பாட்டிலும் அப்படியே. பார்ட்டிடோ ஆல்டோ என்ற வகையில் பல்லவியை எல்லோரும் பாடுவார்கள். நடுவில் ஒருவர் அந்த இடத்திலேயே வரி கட்டிப் பாடுவார். மூத்தவர் ஒரே ஒரு வரியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம், அன்றைய இரவு அவருடையதாகிவிடும். குரல் கரகரத்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. கார்ட்டோலாவின் முதல் முழு ஆல்பம் 1974இல் வந்தபோது அவருக்கு அறுபத்தைந்து. கிளெமெண்டினா டி ஜெசூஸ் பல வருடங்கள் வீட்டு வேலை செய்துவிட்டு, அறுபது தாண்டிய பிறகுதான் முதன்முதலாகத் தொழில்முறை மேடை ஏறினார். 1965இல் அவர் கலந்துகொண்ட ஹோசா டி ஓரோ நிகழ்ச்சியில் கூட வாசித்த இளைஞர்களில் பவுலின்யோவும் எல்டனும் இருந்தார்கள். மூப்பை இந்த இசை குறையாகப் பார்க்காது என்பதை அவர் இருபத்திரண்டு வயதில் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டார்.

ஆனால் எல்லா சம்பா கலைஞர்களும் ஒரே மாதிரி வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். டோனா இவோனி லாரா நேரெதிர். செவிலியராகவும் சமூக சேவகராகவும் மனநல மருத்துவத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தார். மனநல மருத்துவர் நீஸி டா சில்வெய்ராவோடு பணியாற்றியவர். 1965இலேயே இம்பேரியோ செர்ரானோ பள்ளியின் அணிவகுப்புப் பாட்டில் பங்கு அவருக்கு உண்டு. ஒரு பெண்ணுக்கு அது பெரிய கதவு. ஆனாலும் 1977இல் பணி ஓய்வு பெற்று, பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் முழுநேரம் பாட்டுக்கு வந்தார். முதல் தனி ஆல்பம் 1978இல். அவருக்குக் குடும்பம் முதலில், மேடை பிறகு. ஆண் கலைஞர்கள் கடைசிக் காலத்தில் குடும்பத்துக்குத் திரும்புகிறார்கள் என்று நாம் நெகிழ்கிறோமே, அவர்கள் வெளியே இருந்த வருடங்களில் அந்த வீட்டைத் தாங்கியது யார் என்று இவர் வாழ்க்கை கேட்காமல் கேட்கிறது. இந்தக் கேள்வி எனக்கு முக்கியம். ஹோடாக்களில் நான் பார்த்தவரை, சாயங்காலம் வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அடுப்படியில் பீன்ஸ் கிளறிக்கொண்டே பல்லவிக்குக் குரல் கொடுத்தவர்கள் பெண்கள். இப்போது நிறைய மாறியிருக்கிறது, பெண்கள் மட்டுமே நடத்தும் ஹோடாக்களும் உண்டு.

மார்ட்டின்யோ டா விலா இன்னொரு மாதிரி. 1938இல் டுவாஸ் பார்ராஸ் என்ற சின்ன ஊரில் பிறந்து, சிறு வயதில் ரியோவுக்கு வந்து, ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்து, பிறகு பாடகரானவர். மெதுவாக, மெல்ல மெல்ல என்பதையே தன் முத்திரையாக வைத்துக்கொண்டவர், பேச்சும் அப்படித்தான். மகள் மார்ட்னாலியா அப்பாவுக்குப் பின்பாட்டுப் பாடி ஆரம்பித்து இன்று தனிப் பெயர். ஆனால் இவர் ஓய்கிற ஜாதி இல்லை. எண்பதை நெருங்கும்போது சர்வதேச உறவுகள் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2022இல் விலா இசபெல் பள்ளி அவரையே கருப்பொருளாக வைத்து அணிவகுத்தபோது எண்பத்து நாலு வயதில் கூடவே போனார். மெதுவாக இருப்பதும் குறைவாகச் செய்வதும் வேறு வேறு என்பதற்கு இவர் ஒருவர் போதும்.

உங்கள் கேள்வியில் ஒரு சின்ன ஆதங்கமும் தெரிந்தது: இத்தனை திறமையை வைத்துக்கொண்டு ஏன் சும்மா இருக்க வேண்டும்? அதற்கு நேராகவே சொல்கிறேன். சும்மா இருக்க முடிவதே சம்பாவில் அபூர்வமான வசதி. கார்ட்டோலா கொத்தனார் வேலை செய்தார். தலையில் சிமெண்ட் விழாமல் இருக்கப் போட்ட தொப்பியால்தான் அந்தப் பெயரே. ஐம்பதுகளில் ஒரு பத்திரிகையாளர் அவரைத் தற்செயலாகக் கண்டபோது இபனேமாவில் கார் கழுவிக்கொண்டிருந்தார். நெல்சன் சர்ஜென்டோ வீடுகளுக்கு வெள்ளையடித்தவர். 1930களில் பாட்டை எழுதியவர்கள் நாலு காசுக்காக அதைப் பிரபல பாடகர்களுக்கு விற்றுவிடுவது சர்வசாதாரணம். பாட்டின் உரிமை கையில் இருந்து, அது பிறர் குரலில் ஓடிக்கொண்டே இருந்தால் பாடலாசிரியருக்கு வருமானம் வரும். அவர் பட்டறையில் நிம்மதியாக மரத்தை இழைக்கலாம். முப்பது வருடம் மேளம் அடித்தவருக்கு அந்த உரிமைத்தொகை கிடையாது. கார்னிவல் மேளக்காரர்களில் பெரும்பாலோர் பணத்துக்காக அடிப்பதே இல்லை. ஆகவே ஒரு மூத்த கலைஞர் மெதுவாகி வீட்டில் இருக்கிறார் என்றால், அவர் தலைமுறைக்கு முந்தியவர்களுக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்படுகிறேன். கார்ட்டோலாவுக்கே அது கடைசியில்தான் வாய்த்தது. 1978இல் மங்கேய்ரா குன்றை விட்டு ஸிக்காவோடு ரியோவின் ஜக்கரெபாகுவா பகுதியில் ஒரு வீட்டுக்குப் போனார். எந்நேரமும் வரும் கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டியிருந்தது. 1980 நவம்பரில் இறந்துவிட்டார்.

பவுலின்யோ இனி புது ஆல்பம் போடுவாரா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எழுதுவதை நிறுத்தவில்லை என்று அவர் சொல்லி வந்திருக்கிறார். எழுதியது தனக்குத் திருப்தியாகும்வரை வெளியே விடமாட்டார் என்பது அவர் பழைய பழக்கம். மேடையை அவர் கைவிடவில்லை என்பது மட்டும் நிச்சயம். 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், மரகானா மைதானத்தில், பிரேசில் தேசிய கீதத்தைப் பாடியவர் அவர்தான். அத்தனை பெரிய கூட்டத்துக்கு நடுவில் கிட்டாரை மடியில் வைத்து உட்கார்ந்து, சில தந்தி வாத்தியங்கள் மட்டும் துணைக்கு இருக்க, ராணுவ நடைப் பாட்டாக எல்லோரும் கேட்டுப் பழகியதைத் தாலாட்டு போலப் பாடினார். அந்தக் காணொளியை அவசியம் பாருங்கள். எண்பது வயதையொட்டியும் நாடு முழுக்கச் சுற்றிப் பாடினார்.

கேட்க ஆரம்பிக்கிறவருக்கு ஒரு யோசனை. 1976இல் அவர் வெளியிட்ட இரண்டு ஆல்பங்களில் ஒன்று முழுக்க ஷோரோ. முதலில் அதை எடுங்கள், அப்பாவின் கிட்டார் அதில் இருக்கிறது. அடிநாதத்தில் கீழே இறங்கி ஏறும் அந்த வரிசையை மட்டும் காதால் பின்தொடருங்கள். அப்புறம் ஜோவாவ் வாசிக்கும் சமீபத்திய மேடைப் பதிவு ஒன்றைப் போட்டு, அதே இடங்களில் பேரன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். பாதி இடங்களில் தாத்தாவைப் போலவே இறங்குவான். மீதியில் வேண்டுமென்றே வேறு பக்கம் போவான். கேட்டுவிட்டு எந்த இடம் என்று எழுதுங்கள், அதைப் பற்றி இன்னும் பேசலாம்.